ஆளில்லாத ஊரில் அறுபது நாத்திகர்கள்

எழுபதுகளின் கடைசியில் சேலம் ஜில்லாவில் இருந்தும் 'சொன்னபடியே' சாரிடம் மாட்டாதவர் என்று யாராவது உண்டென்றால், அவர் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும், அல்லது நல்ல ஓட்டக்காரராக இருந்திருக்க வேண்டும். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ பஸ்ஸுக்காகக் கால் மணி நேரம் நின்றீர்களா, தீர்ந்தது. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பதிலாக நூலைக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் காகிதக் கட்டோடு ஒரு நெட்டை உருவம் உங்களை நோக்கி வரும். "ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் கடவுளைப் பத்திப் பேசலாமுங்களா?" என்று கேட்கும். அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் பயந்து, தான் போகவேண்டாத ஊருக்குப் பஸ் ஏறிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அவர் சாமியாரும் இல்லை, பிரசங்கியும் இல்லை. எங்கள் காலேஜில் சமூகவியல் வாத்தியார். நான் அதே டிபார்ட்மெண்டில் டியூட்டர். அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. சார் திருச்செங்கோட்டுப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பெண்ணின் அப்பா, சித்தப்பா, சமையலுக்கு வந்த அம்மாள் வரை அத்தனை பேரிடமும் கேள்வி கேட்டுத் தன் ஆராய்ச்சிப் படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியவர், வீட்டுக்கு வந்த பிறகுதான் பெண்ணைப் பார்க்கவில்லை என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான்: ஜனங்களுக்குக் கடவுள் நம்பிக்கை குறைகிறதா, இல்லையா? படிவத்தில் நாற்பது கேள்விகள். உங்கள் அப்பா கும்பிட்ட சாமியைத்தான் நீங்களும் கும்பிடுகிறீர்களா, மாற்றிக்கொண்டீர்களா, மாற்றியிருந்தால் ஏன் என்று போகும். பதில்களை எழுத ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "சொன்னபடியே எழுதோணுமுங்க. நாம திருத்துனா அது நம்ம பதிலாயிரும். அவங்க பதில் இல்லீங்க." 'சொன்னபடியே சார்' என்று பேர் வந்தது இதனால்தான்.

சட்டம் போட்டவர் அதை மீறவும் மாட்டார். 'ஆன்மா உண்டா?' என்ற கேள்விக்கு நேராக ஒரு படிவத்தில், "செத்த இருங்க, மாடு அவுத்துக்கிச்சு, புடிச்சுக் கட்டிப்போட்டு வாரேன்" என்று முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். ஓரத்தில், 'திரும்பி வரவில்லை' என்று ஒரு குறிப்பு. மறுபிறவியில் நம்பிக்கை உண்டா என்று கேட்டதற்குக் குமாரபாளையத்தில் ஒரு நெசவாளி, "இந்தப் பொறவிக்குப் போட்ட பாவே இன்னும் நெய்து முடிக்கலைங்க" என்றார். அதைக் கேட்டுவிட்டுச் சார் ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தார்.

அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எங்கள் பக்கத்து ஜனங்களின் மரியாதை. வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்லி மனசை நோகடிக்க மாட்டார்கள்.

"கடவுள் நம்பிக்கை முன்னைக்கு இப்பக் கொறஞ்சிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"இல்லீனா கூடியிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டும் எப்படீங்க ஆகும்?"

"நீங்க படிச்சவரு. ரெண்டு தடவ கேக்கறீங்கன்னா காரணம் இல்லாமயா கேப்பீங்க? மொதல்ல மோர் குடிங்க சாமி."

சார் மோரையும் குடித்துவிட்டு, 'மோர் கொடுத்தார்' என்பதையும் எழுதிக்கொண்டு வருவார்.

எங்கள் டிபார்ட்மெண்ட் தலைவர், ஹெட் என்றுதான் சொல்வோம், இவருக்கு நேர் எதிர்க்கட்சி. "கரண்ட் வந்தாச்சு, லாரி வந்தாச்சு, கிணறு தோண்ட ரிக் வண்டி வந்தாச்சு. இனிமே சாமிக்கு என்ன வேலை? பாருங்க, கோயிலெல்லாம் ஒருநாள் குடோன் ஆகப்போகுது" என்பார். சார் எழுந்து நின்று பணிவாகத்தான் மறுப்பார்.

"சாமி எங்கயும் போகலீங்க. அப்பன் கும்பிட்டதுனால மகன் கும்பிடறதுங்கற காலந்தான் போயிட்டுதுங்க. இப்ப அவனவன் கடையில துணி எடுக்கற மாதிரி பாத்துப் பொறுக்கி எடுக்கறானுங்க."

அதற்கு அவர் வைத்திருந்த சாட்சி நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளி. அவர் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார். விடியற்காலம் மொட்டைமாடியில் சம்மணம் போட்டு மூச்சுப் பயிற்சி செய்வார். கார்த்திகை வந்தால் கறுப்பு வேட்டி கட்டி மலைக்கு மாலை போடுவார். அவர் லாரிகளின் முகப்பில் மூன்று மதத்துச் சாமிகளும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "இவரை எந்தக் கட்டத்துல போடறதுங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவருக்காகவே படிவத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டுவிட்டார்.

இந்தக் கார்த்திகை மாதம்தான் சாருக்குச் சோதனைக் காலம். அப்போதெல்லாம் ஊரில் இரண்டு வகையான ஆட்கள் கறுப்பு உடுத்துவார்கள்: மலைக்கு மாலை போட்டவர்கள், கடவுள் இல்லை என்பவர்கள். டீக்கடையில் ஒரு கறுப்புச் சட்டைக்காரரிடம் போய், "இது எத்தனாவது மலைங்க சாமி?" என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷர் ஒன்றரை மணி நேரம் பிடித்து உலுக்கி எடுத்தார். சார் வாயே திறக்காமல் பதினாறு பக்கம் எழுதினார். முடித்துவிட்டு, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க. ஒரு வாட்டி படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார். இப்போது ஓடியது அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்.

நான் யார் கட்சி என்று கேட்கிறீர்களா? ஹெட் கட்சிதான். இருபத்தைந்து வயசு, புஸ்தகத்தில் நாலு இங்கிலீஷ் பேர்களைப் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும்போது வாசலில் போய் நின்றுகொள்ளும் மேதாவி. சார் பேசுவது எனக்குப் பழம்பஞ்சாங்கமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் சாருக்கு வாழ்வா சாவா என்று இருந்தது. டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. தை மாதம் எங்கள் காலேஜில் ஒரு கருத்தரங்கு. மெட்ராஸிலிருந்து வரும் பெரிய பேராசிரியர் சாரின் ஆராய்ச்சியைக் கேட்டுவிட்டுச் சரி என்றால் பட்டம். இல்லையென்றால் பதினோரு வருஷமும் எடைக்குத்தான். எல்லா ஊரும் முடிந்து, கெங்கவல்லிக்கு அந்தண்டை மலையடிவாரத்தில் ஒரே ஒரு கிராமம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சாருக்கு மஞ்சள் காமாலை.

"நான் போயிட்டு வரேன் சார். அறுபது ஃபாரம்தானே?" என்றேன். ஹெட் பக்கத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் சுறுசுறுப்பானவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

ஆவணி மாதம். மழையே இல்லாத வருஷம். ஆத்தூரில் பஸ் மாறி, கெங்கவல்லியில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நாலு மைல் நடந்தேன். ஊருக்குள் போகும் பாதையில் வேலாமுள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மாடு தாண்டாமல் இருக்கப் போட்டது என்று நினைத்து, காலைத் தூக்கித் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். ஊரில் ஒரு ஆள் இல்லை. வீடெல்லாம் சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பக் குரைக்க ஒரு நாய் கூட இல்லை. கோயில் மேடையில் வேப்பமர நிழல் இருந்தது. உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தேன். எல்லோரும் பஞ்சம் பிழைக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

திரும்பி வந்து, 'ஊரில் யாரும் இல்லை' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை அந்த வெயிலில் போகவும் உடம்பு வணங்கவில்லை. ஆத்தூரில் ஒரு ஓட்டலின் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அறுபது படிவத்தையும் நானே நிரப்பினேன்.

அதையாவது அடக்கமாகச் செய்தேனா? இல்லை. அறுபது பேரையும் ஹெட் கட்சியில் சேர்த்துவிட்டேன். ஒருத்தர் பாக்கி இல்லாமல் கோயிலை விட்டார்கள், பூசாரியைக் கேலி செய்தார்கள், மறுபிறவியைக் கை கழுவினார்கள். எழுபது வயசுக் கிழவர் ஒருவரை உண்டாக்கி, "தண்ணி குடுக்கறது பம்புசெட்டு, சாமியில்ல" என்று சொல்ல வைத்தேன். அந்த வசனத்தின் அழகில் மயங்கி எனக்கு நானே இன்னொரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். தேதியை மட்டும் ஒழுங்காகப் போட்டேன்.

சார் அந்தக் கட்டை மூன்று நாள் படித்தார். மூன்று நாளும் மெஸ்ஸில் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. நாலாம் நாள் என் கதவைத் தட்டினார். மஞ்சள் பூத்த கண்ணில் தண்ணீர்.

"தம்பி, பதினோரு வருசமா நான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கறனுங்க. ஹெட் சொல்றதுதான் சரிங்க. ஒரு ஊரே சாமியை உட்டுப்போட்டுதுங்களே!"

"ஒரு ஊர்தானே சார். அதை வெச்சு ஏன்..." என்று இழுத்தேன்.

"அப்படி ஒதுக்க முடியாதுங்க. எனக்குப் புடிக்காத பதிலுன்னு தள்ளிவெச்சா அப்புறம் நான் எதுக்குங்க கேள்வி கேக்கப் போகோணும்? நீங்க போகாம இருந்திருந்தா ஒரு பொய்யைப் புஸ்தகமாப் போட்டிருப்பனுங்க. நல்லா இருக்கோணும் சாமி நீங்க."

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்கலாம். ஐயோ, அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் ஹெட் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் என் முதுகைத் தட்டி, "இவன்தான்யா ஆராய்ச்சியாளன்" என்றிருந்தார். அந்தத் தட்டலின் சூடு முதுகில் இன்னும் ஆறவில்லை. சார் போய்க் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார்.

தை மாதம் கருத்தரங்கு. சாரிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் படிவம் வாங்கிய ஊர் ஒவ்வொன்றுக்கும் தபால் கார்டு போட்டு ஒரு ஆளை வரச் சொல்லியிருந்தார். மெட்ராஸ் பேராசிரியருக்குப் போட்ட முதல் வரிசையில் தலைப்பாகையும் துண்டுமாகப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் இரண்டாம் வரிசைக்குப் போனார். நான் ஐந்தாம் வரிசையில் தூணுக்குப் பின்னால்.

சார் தன் பழைய கொள்கையைச் சொன்னார். பிறகு, அது தப்பு என்று சொன்னார். ஹெட் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். சார் என் கட்டைக் கையில் எடுத்து, அந்த ஊரின் பேரையும், ஆவணி மூன்றாம் செவ்வாய்க்கிழமை என்ற நாளையும் வாசித்து, அன்று பேசிய அறுபது பேரில் ஒருவருக்குக்கூட நம்பிக்கை இல்லை என்றார்.

முதல் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அந்த ஊர்க் கோயில் தர்மகர்த்தா.

"ஏன் ஐயா, எங்க ஊர்லியா? அன்னிக்கா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எங்க ஊர்ல ஈ காக்கா கெடையாதே! மழை பொய்ச்சுப்போனா நாங்க ஆத்தாளை மட்டும் ஊருக்குள்ள உட்டுட்டு, பொண்டு புள்ள, ஆடு மாடு, கோழி, நாயி எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவோம். அங்கியே பொங்க வெச்சுத் தின்னுட்டு, பொழுது எறங்குனப்புறம்தான் வருவோம். அது வரிக்கும் ஒரு உசுரு ஊருக்குள்ள இருக்கக் கூடாது. அதுக்குத்தான் வழியில முள்ளு வெட்டிப் போட்டுட்டுப் போனது. ஊரே சாமிக்காக வெளிய கெடந்த அன்னிக்கு, உங்ககிட்ட யாரு ஐயா சாமி இல்லேன்னு சொன்னது?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. சார் மட்டும் சிரிக்கவில்லை. தூணைத் தாண்டி என்னைப் பார்த்தார். ஒரே பார்வைதான். கையிலிருந்த கட்டை என் கையெழுத்து தெரியாதபடி மேஜைமேல் குப்புற வைத்தார்.

பெரியவர் விடவில்லை. "அன்னிக்கு எவனோ முள்ளைத் தாண்டி வந்திருக்கான். செருப்புத் தடம் கோயில் மேடை வரிக்கும் இருந்துச்சு. மேடையில சிகரெட் துண்டு. அப்புறம் ஒரு சொட்டு மழை இல்ல. யாருன்னு இன்னி வரிக்கும் தேடிக்கிட்டு இருக்கோம்."

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எழவில்லை.

"நான்தானுங்க" என்றார் சார். "நானேதான் வந்தனுங்க. தெரியாமத் தாண்டிப்போட்டேன். இதுல எழுதியிருக்கறதும் நானா எழுதுனதுதானுங்க. மன்னிச்சுக்கோணும்."

சிகரெட் வாசனையே ஆகாதவர் அவர். போனது நான்தான் என்று ஹெட்டுக்கும் மற்ற வாத்தியார்களுக்கும் தெரியும்; சாரே ஏற்றுக்கொண்ட பிறகு அவர்கள் அதைக் கிளறவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "சார் சிகரெட் வேற குடிப்பாரா!" என்று கத்தினான். இன்னும் பெரிய சிரிப்பு. மெட்ராஸ் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். பட்டம் அந்த உறையோடு போயிற்று.

மறுநாளே ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பேர் மாறிவிட்டது. 'காலி ஊர் சார்.' எவனோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்: நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அறையில் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கெங்கவல்லிப் பக்கம் போயிட்டு வாரனுங்க தம்பி. தப்புக்கு ஆத்தாகிட்டச் சொல்லிக்கோணுமாம்" என்றார். கூட வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலைவலி என்றேன். "மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பினார். வேட்டி முழங்கால்வரை செம்மண்ணாக இருந்தது. ஈரத்துணியோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து கும்பிடச் சொன்னார்களாம், கும்பிட்டாராம்.

"நீங்க நம்பிக் கும்பிட்டீங்களா சார்?" என்று அசடு மாதிரி கேட்டேன்.

"அந்தக் கேள்விய நான் எத்தனையோ பேர்த்தக் கேட்டிருக்கனுங்க தம்பி. பாவம், என்ன சங்கடப்பட்டிருப்பாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்க" என்றார்.

பைக்குள்ளிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து என் முன்னால் வைத்தார். திறந்தால் பச்சரிசிப் பொங்கல். ஆறி இறுகியிருந்தது.

"கும்புட்டு எந்திரிச்சதும் அந்தூர்ப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னுக்கிட்டாங்க. நல்லா வையப் போறாங்கன்னு நெனச்சனுங்க. 'அன்னிக்கு அத்தனாந் தூரம் வெயில்ல நடந்து வந்தீங்களே, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம வெறும் வயித்தோடயா திரும்பிப் போனீங்க?' அப்படீன்னு ஒரே வருத்தமுங்க. அன்னிக்கு வந்தவருக்குன்னு பொங்கி, அள்ளி அள்ளி வெச்சாங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?"

"அதை நான் எப்படீங்க தின்கறது? அது அன்னிக்கு வந்தவருக்கு வெச்சதுங்களே" என்றார். என் பழியைத் தயங்காமல் வாங்கிக்கொண்ட மனுஷர், எனக்கு வைத்த சோற்றில் ஒரு பருக்கையைத் தொடவில்லை.

நான் சாப்பிட்டேன். மூன்று வாய்தான் இறங்கியது. நாலாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சார் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உப்புக் கொஞ்சம் பத்துலீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பத்துதுங்க சார்" என்றேன். போசியில் ஒரு பருக்கை இல்லாமல் நான் தின்று முடிக்கும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.